கிளைமாக்ஸில் உயிரைக் கொடுத்தால் தியாகம் ஆகிவிடுமா?

கேள்வி இதுதான்: “ஒரு சஸ்பென்ஸ் டிராமாவுக்குத் திரைக்கதை எழுதியிருக்கிறேன். நாயகன் ஆழ்ந்த கடவுள் நம்பிக்கை உள்ளவன். கடைசியில் காதலியைக் காப்பாற்ற உயிரை விடுகிறான். படித்த நாலு பேரும் ‘கிளைமாக்ஸ் ஒட்டவில்லை, திணித்த மாதிரி இருக்கிறது’ என்கிறார்கள். நம்பிக்கை, காதல், தியாகம் மூன்றும் இருக்கின்றன; சஸ்பென்ஸும் இருக்கிறது. என்னதான் குறை?”

உங்கள் திரைக்கதையை நான் படித்ததில்லை. ஆனாலும் கேள்வியின் கடைசி வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. “சஸ்பென்ஸும் இருக்கிறது” என்கிறீர்களே, அந்த ‘உம்’தான் உறுத்துகிறது. பக்தி ஒரு பக்கம், பரபரப்பு இன்னொரு பக்கம் என்று கதை முழுக்கத் தனித்தனியாக ஓடியிருந்தால், கடைசியில் இரண்டையும் சேர்த்துக் கட்ட உங்களுக்குக் கிடைத்த ஒரே கயிறு நாயகனின் உயிர். அது எப்படி ஒட்டும்? ஒட்டுகிற படங்களில் நம்பிக்கைதான் சஸ்பென்ஸையே உண்டாக்குகிறது. தப்பிக்க ஒரு கதவு இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று நாயகனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அவன் நம்பிக்கைதான் அந்தக் கதவின் பூட்டு.

சோதித்துப் பார்ப்பது சுலபம். நாயகன் சாமி கும்பிடுகிற காட்சிகளையெல்லாம் உருவிவிட்டு மறுபடி படியுங்கள். கதை எங்கும் இடறாமல் கிளைமாக்ஸ் வரை போனால், அவனுடைய நம்பிக்கை உடையலங்காரத் துறையைச் சேர்ந்த விஷயம். நெற்றியில் திருநீறோ கழுத்தில் சிலுவையோ போல. கதையில் அதற்கு வேலையே இல்லை.

பூட்டு என்று நான் சொல்வதற்கு எனக்குத் தெரிந்து மிகத் துல்லியமான உதாரணம் சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் 1953-ல் எடுத்த ‘ஐ கன்ஃபெஸ்’. கனடாவின் கியூபெக் நகரத்தில் நடக்கிற கதை. படமும் அங்கேயே எடுக்கப்பட்டது. ஒரு கோயில்பிள்ளை, அதாவது மாதா கோயில் பணியாள், இருக்கிறான், கெல்லர் என்று பெயர், ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்தவன். தோட்ட வேலை செய்கிற வீட்டில் திருடப் போய், மாட்டிக்கொண்டு, அந்த வீட்டு வக்கீலைக் கொன்றுவிடுகிறான். போகும்போது பாதிரியாரின் அங்கியைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். அதே இரவில் கோயிலுக்குத் திரும்பி, ஃபாதர் லோகனிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறான், அதாவது செய்த பாவத்தை அறிக்கையிடுகிறான். அவ்வளவுதான், பூட்டு விழுந்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு, அதாவது பாதிரியார், யாரிடமும் சொல்லக் கூடாது. போலீசிடம் கூடாது, நீதிமன்றத்தில் கூடாது, தன் தலையே போனாலும் கூடாது.

பாதிரியார் அங்கியில் ஓர் ஆள் அந்த வீட்டிலிருந்து வெளியே போனதை இரண்டு சிறுமிகள் பார்த்திருக்கிறார்கள். சந்தேகம் லோகன் மேல் திரும்புகிறது. கொலைகாரன் யார் என்று முதல் சில நிமிடங்களிலேயே நமக்குச் சொல்லியாகிவிட்டது. யார் செய்தது என்ற கேள்விக்கு இந்தப் படத்தில் இடமே இல்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் லோகன் வீட்டுக்குப் போகலாம். அந்த வாக்கியத்தை அவர் சொல்லப் போவதில்லை. ஒன்றரை மணி நேரம் நம்மை உட்கார வைப்பது அதுதான்.

இந்த விதி திரைக்கதைக்காகக் கட்டியதல்ல. 1215-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கமே இதை எழுதி வைத்துவிட்டது: பாவசங்கீர்த்தன ரகசியத்தை வெளியிடும் குருவைப் பதவியிறக்கி, ஆயுள் முழுக்கத் தவம் செய்யக் கடுமையான மடத்துக்கு அனுப்ப வேண்டும். இன்றைய திருச்சபைச் சட்டத்திலும் நேரடியாக வெளியிடுகிற குருவுக்குத் திருச்சபையிலிருந்து தானாகவே விலக்கம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. வாயால் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. பாவம் அறிக்கையிட்டவனுக்குக் கேடாக அந்த அறிவைக் குரு பயன்படுத்தவே கூடாது. திரைக்கதை எழுதுகிற ஆளுக்கு இது புதையல். கொலைகாரன் அதே வளாகத்தில் வேலை செய்கிறான், அவன் மனைவி ஆல்மா அதே மேசையில் காபி ஊற்றுகிறாள், லோகன் முகத்தைக்கூடச் சுளிக்க முடியாது.

அந்தக் காபிக் காட்சியைத் தனியாக ஒரு முறை பாருங்கள். குருமார்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அவர்கள் பேச்சு சாதாரணப் பேச்சு. ஆல்மா பின்னால் நடந்து நடந்து பரிமாறுகிறாள். பார்வை மட்டும் லோகன் முகத்தை விட்டு அகலவில்லை. கணவன் சொன்னதை இவர் என்ன செய்யப் போகிறார் என்று தேடுகிறாள். காமிரா அவளோடு சுற்றுகிறது. லோகனாக நடித்த மாண்ட்கோமரி க்ளிஃப்ட் செய்வது என்று பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வசனத்தில் ஒரு வார்த்தை கொலையைப் பற்றி இல்லை. நம்பிக்கையைக் காட்ட முழந்தாளிட்டு அழ வைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன்.

ஆனால் இந்தப் படம் எல்லாரிடமும் பலிக்கவில்லை. ஹிட்ச்காக்கே பிற்பாடு பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் அதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். கத்தோலிக்கர்களுக்கு அந்த மௌனம் புரிந்தது. மற்றவர்கள், இதற்காகவா ஒருத்தன் உயிரைப் பணயம் வைப்பான் என்று கேட்டார்கள். ஹிட்ச்காக் சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் பள்ளியில் படித்தவர். தன் ரத்தத்தில் ஊறிய ஒன்று பார்க்கிறவன் ரத்தத்திலும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். பூட்டு இருந்தது, அதன் கனத்தை எல்லாருக்கும் கையில் கொடுத்துக் காட்டவில்லை. உங்கள் கதையிலும் இதே பள்ளம் இருக்கலாம். அரிச்சந்திரன் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் சுடுகாட்டுக்கே போயிருக்க வேண்டியதில்லை. ஏன் சொல்லவில்லை என்று நம் பாட்டி யாரும் கேட்டதில்லை, அவளுக்கு அந்தக் கனம் பழக்கம். இன்றைய பார்வையாளருக்கு அப்படி எந்தப் பழக்கமும் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளாதீர்கள். பெரிய சோதனைக்கு முன்னால் ஒரு சின்ன சோதனை வைத்து, அதில் நாயகன் உண்மையாகவே எதையாவது இழக்கட்டும். பணமோ, வேலையோ, நண்பனோ. அப்போதுதான் பெரியது வரும்போது ‘இவன் மாறமாட்டான்’ என்று நமக்கு வயிற்றைக் கலக்கும்.

சஸ்பென்ஸ் என்றாலே ஹிட்ச்காக்கின் மேசைக்கடி வெடிகுண்டைச் சொல்வார்கள். குண்டு திடீரென்று வெடித்தால் பதினைந்து நொடி அதிர்ச்சி. இருப்பது முன்பே நமக்குத் தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடப் பதைப்பு. நல்ல பாடம்தான். ஆனால் அதை மேற்கிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் அதைச் செய்து காட்டியிருக்கிறார். பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் என்ற அரசனின் கதை. அவனைப் போரில் வெல்ல முடியாத பகைவன் முத்தநாதன், உடம்பெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, சிவனடியார் வேடத்தில் அரண்மனைக்குள் நுழைகிறான். கையில் புத்தகக் கட்டு, கட்டுக்குள் ஆயுதம். இதை அவன் நுழைகிற பாட்டிலேயே சேக்கிழார் சொல்லிவிடுகிறார். ‘மைபொதி விளக்கு’ என்று அவனுக்கு ஓர் உவமை. வெளியே வெளிச்சம், உள்ளே கரி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாசலும் ஒரு காட்சி. காவலர்கள் வணங்கி வழிவிடுகிறார்கள். கடைசி வாசலில் தத்தன் என்ற காவலன் மட்டும், அரசர் உறங்குகிறார், இது நேரமல்ல என்று தடுக்கிறான். ஆகமம் சொல்ல வந்தேன் என்று முத்தநாதன் அவனையும் தாண்டிப் போகிறான். அரசன் எழுந்து வணங்கி வரவேற்கிறான். அரசி கூட இருக்கக் கூடாது என்கிறான் வந்தவன், அனுப்பிவிடுகிறான் அரசன். அடியாரை மேலே இருத்தித் தான் தரையில் உட்கார்கிறான். கட்டு பிரிகிறது. ஒவ்வொரு படியிலும் நமக்குக் கத்த வேண்டும் போலிருக்கும். அரசனை அந்தத் தரையில் உட்கார வைப்பது எது? அவன் முட்டாள் அல்ல, போரில் தோற்காதவன். திருநீறு பூசியவரைச் சந்தேகிப்பதில்லை என்ற ஒரே பிடிவாதம். பக்தியை எடுத்துவிட்டால் இந்தக் கதை முதல் வாசலிலேயே முடிந்துவிடும். என் சோதனையில் முழு மதிப்பெண். கதையின் பின்பாதிக்குக் கடைசியில் வருகிறேன்.

காதலுக்கு வருவோம். ‘ஐ கன்ஃபெஸ்’ படத்தில் ரூத் என்று ஒருத்தி. லோகன் குருவாவதற்கு முன், போருக்குப் போவதற்கு முன், இருவரும் காதலித்தவர்கள். போர்க்காலத்தில் கடிதம் நின்றுபோகிறது. அவள் வேறொருவரைத் திருமணம் செய்துகொள்கிறாள். அவன் திரும்பி வந்தபின் ஒரு நாள் புயலில் மாட்டி, ஓர் இரவு இருவரும் ஒரே இடத்தில் ஒதுங்க நேர்கிறது. அதைக் கண்டுபிடித்து அவளை மிரட்டிக்கொண்டிருந்தவன்தான் கொலையுண்ட வக்கீல். லோகன் மேல் கொலைப்பழி விழுந்ததும் அவள் போலீசிடம் எல்லாவற்றையும் சொல்லத் துணிகிறாள்: கொலை நடந்த இரவு அவர் என்னோடு இருந்தார். கணவன் அதே அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அவள் இன்னும் லோகனை நேசிக்கிறாள் என்பதும் அந்தச் சாட்சியத்திலேயே வெளியே வந்துவிடுகிறது.

அடுத்து வருவதுதான் திரைக்கதையின் கெட்டிக்காரத்தனம். அவள் சொன்ன நேரம் 11 மணியோடு முடிகிறது. கொலை நடந்தது அதற்கும் பிறகு. ஆக அவள் கொடுத்த சாட்சி அவரை விடுவிக்கவில்லை. மாறாக, போலீசிடம் அதுவரை இல்லாத ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. கொல்வதற்கான காரணம். மானத்தையும் திருமணத்தையும் பணயம் வைத்து அவள் நீட்டிய கை, அவரைத் தூக்குமேடைப் பக்கமாகவே தள்ளுகிறது.

காதலை இந்த இடத்தில் வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நம்பிக்கை பூட்டு என்றால், காதல் அதை உடைக்க வருகிற ஆள். உடைக்க முயன்று நிலைமையை மோசமாக்கினால் இன்னும் நல்லது. நம் படங்களில் பெரும்பாலும் காதலியின் வேலை ஆபத்தில் மாட்டுவதும் கத்துவதும்தான். நீங்களும் “காதலியைக் காப்பாற்ற” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அவள் என்ன முடிவு எடுக்கிறாள்? கேள்வியில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இதே படத்தை எத்தனையோ முறை பார்த்த பிறகு என் கருத்து ஒன்று மாறியிருக்கிறது. லோகனின் தியாகம் என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். கணக்குப் பார்த்தால் லோகன் உயிரோடுதான் இருக்கிறார். போதிய ஆதாரம் இல்லை என்று ஜூரி விட்டுவிடுகிறது. வெளியே கூட்டம் அவரை ஏசுகிறது, நெருக்குகிறது. அதைப் பொறுக்க முடியாமல் ஓடி வந்து உண்மையைச் சொல்ல வாயெடுப்பவள் ஆல்மா. கணவனே அவளைச் சுட்டுவிடுகிறான். காபி ஊற்றிக்கொண்டு முகம் பார்த்த அதே பெண். உயிரைக் கொடுத்தவள் அவள்தான், அதுவும் எந்தச் சபையின் விதியும் அவளைக் கட்டாயப்படுத்தாமல். போஸ்டரில் அவள் இருந்தாளா என்றுகூட யாரும் கேட்பதில்லை. படத்தின் முந்தைய திரைக்கதை வடிவத்தில் பாதிரியார் தூக்கிலேறுவதாக இருந்தது, ஸ்டூடியோ ஏற்காததால் மாற்றினார்கள் என்பது பலரும் அறிந்த கதை. அந்த மாற்றத்தால் படம் நீர்த்துவிட்டது என்று நானும் முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். லோகன் செத்திருந்தால் ஆல்மாவை நாம் கவனித்திருக்கவே மாட்டோம்.

உயிரை விடுவது மட்டும் தியாகம் இல்லை என்பதற்கு இன்னொரு படம் சொல்கிறேன்: ஸ்கோர்செசி 2016-ல் எடுத்த ‘சைலன்ஸ்’. எண்டோ ஷுசாகுவின் 1966 நாவல்தான் மூலம். பதினேழாம் நூற்றாண்டு ஜப்பான், கிறிஸ்தவம் தடை. ரொட்ரிகஸ் என்ற குரு சிறையில் கிடக்கிறார், மறைசாட்சியாக, அதாவது நம்பிக்கைக்காக உயிரைக் கொடுத்தவராக, சாகத் தயாராகவே இருக்கிறார். இரவில் எங்கோ காவலன் குறட்டை விடுகிற சத்தம். எரிச்சலாக இருக்கிறது. பிறகுதான் தெரிகிறது அது குறட்டை இல்லை என்று. குழிக்குமேல் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கும் கிறிஸ்தவர்களின் முனகல். அவர்கள் ஏற்கெனவே மதத்தை மறுதலித்துவிட்டார்கள். ஆனாலும் இறக்கமாட்டார்கள், குரு கிறிஸ்துவின் உருவத்தைக் காலால் மிதிக்கும் வரை.

இப்போது அவர் உயிர் யாருக்கும் வேண்டாம். கேட்கப்படுவது அவர் உயிரைவிடப் பெரிதாக வைத்திருந்த ஒன்று. அன்பு ஒரு பக்கம் இழுக்க, நம்பிக்கை மறுபக்கம் இழுக்க, மிதிப்பதுதான் தியாகம் என்று ஆகிறது. ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்ற குறளை இந்தக் காட்சியோடு வைத்துப் படித்தால், அதே குறளில் ‘புரைதீர்ந்த நன்மை’, அதாவது குற்றமற்ற நன்மை, தந்தால் மட்டும் என்று வள்ளுவர் போட்டிருக்கும் நிபந்தனை எவ்வளவு கனமானது என்று தெரியும். ரொட்ரிகஸ் செய்த நன்மை புரை தீர்ந்ததா? படம் அவருக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. பல வருடம் வாழவிட்டு, செத்தபின் சவப்பெட்டிக்குள், கையில் பொதிந்த ஒரு சின்னச் சிலுவையை மட்டும் காட்டுகிறது.

பரபரப்பே இல்லாதது போலத் தோன்றி உள்ளே நெருக்குகிற படம் பிரெஞ்சில் வந்த ‘ஆஃப் காட்ஸ் அண்ட் மென்’. இயக்கியவர் சேவியே போவுவா, 2010 கான் விழாவில் கிராண்ட் பிரிக்ஸ் வாங்கியது. அல்ஜீரியாவின் திபிரின் மடத்தில் இருந்த துறவிகளின் உண்மைக் கதை. 1996 மார்ச்சில் ஏழு பேர் கடத்தப்பட்டார்கள், பின் கொல்லப்பட்டார்கள். முடிவு செய்தியிலேயே வந்தாகிவிட்டது, பிறகு என்ன சஸ்பென்ஸ்? போவதா, இருப்பதா என்று அவர்கள் எடுக்கிற முடிவுதான். முதல் தடவை பேசும்போது ஆளுக்கொரு கருத்து. சிலர் வெளிப்படையாகவே பயப்படுகிறார்கள், சாகவா இங்கே வந்தோம் என்கிறார்கள். கிளையில் உட்கார்ந்த பறவை மாதிரி இருக்கிறோம், எப்போது பறப்போமோ தெரியாது என்று ஊர்க்காரர்களிடம் ஒரு துறவி சொல்ல, அந்த ஊர்ப் பெண் திருத்துகிறாள்: பறவைகள் நாங்கள்தான், நீங்கள் கிளை. மதம் வேறான ஓர் ஊரோடு வந்த இந்தப் பாசம்தான் படத்தின் காதல். நாயகி கிடையாது, டூயட் கிடையாது, ஆனால் பூட்டும் இருக்கிறது, அதை இழுத்துப் பார்க்கிற கையும் இருக்கிறது.

மாறாக, என்னை இன்றுவரை இரண்டு மனதாக வைத்திருப்பது லார்ஸ் வான் ட்ரையரின் ‘பிரேக்கிங் த வேவ்ஸ்’, 1996. கணவன் பிழைக்கத் தன்னை அழித்துக்கொள்கிற பெஸ் என்ற பெண். எமிலி வாட்சனின் நடிப்பு அசாத்தியம். ஆனால் ஒரு பெண்ணின் சித்திரவதையை நம்மிடம் நீட்டி இதுதான் புனிதம் என்று மணியடிக்கிற இடத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு விடுவேன். ரசிக்கிறவர்கள் நிறைய பேர், சண்டை போடமாட்டேன்.

உங்கள் கதையில் பழுது பார்க்க வேண்டிய இடங்கள் இனி உங்களுக்கே தெரிந்திருக்கும். நாயகன் சாகாமல் தப்பிக்க ஒரு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல திரைக்கதைகளில் இருக்காது. வில்லன் துப்பாக்கியை நீட்டுவான், நாயகன் குறுக்கே பாய்வான். அது அனிச்சைச் செயல், எதிர்வீட்டு நாய்கூடச் செய்யும். முடிவெடுக்க அவனுக்கு நேரம் கொடுங்கள். ஒரு ராத்திரியாவது கொடுங்கள். தப்புகிற வழியை யாராவது அன்பானவர்களே வந்து அவனிடம் நீட்டட்டும், அந்த வாதம் நியாயமாகவும் இருக்கட்டும். கடவுள் கடைசி நிமிடத்தில் வந்து பதில் சொல்லவே வேண்டாம். மழையும் இடியும் சரியான நேரத்தில் வந்தால் கடவுளுக்குப் பதில் எழுத்தாளர்தான் தெரிவார். அப்புறம், அவன் செத்தபின் யாருக்கு என்ன மிஞ்சுகிறது என்று ஒரு காட்சியாவது வையுங்கள். காதலி காப்பாற்றப்பட்டாள், சரி. அந்தக் கடனோடு அவள் மறுநாள் காலை எப்படி எழுந்திருக்கிறாள்?

மெய்ப்பொருள் நாயனாரின் பின்பாதியைப் பாக்கி வைத்திருந்தேன். கட்டுப் பிரிந்து, முத்தநாதன் நினைத்ததைச் செய்து முடிக்கிறான். தத்தன் வாளோடு பாய்ந்து வருகிறான். சாதாரண எழுத்தாளராக இருந்தால் இங்கே திரை விழுந்திருக்கும். ரத்தம் வழியக் கீழே சாய்கிற அரசன் நீண்ட கையால் மறித்து, “தத்தா, நமர்” என்கிறான். நம்மவர், வெட்டாதே. நான் என்ன செய்யட்டும் என்கிறான் தத்தன். யாரும் இடையூறு செய்யாமல் இவரைக் கொண்டுபோய் விடு என்கிறான் அரசன்.

இப்போது சஸ்பென்ஸ் அப்படியே தலைகீழாகிறது. செய்தி பரவி, ஊரே திரண்டு முத்தநாதனைக் கொல்ல நிற்கிறது. ஒவ்வொரு தெருவிலும் கூட்டத்தை விலக்கி, அரசரின் ஆணை என்று சொல்லிச் சொல்லி, தன் அரசனைக் கொன்றவனுக்குத் தத்தனே காவலாக நடக்கிறான். இவனைத் தொட்டுவிடுவார்களோ என்று கொலைகாரனுக்காக நாம் பதறுகிறோம்! அரண்மனையில் அரசன் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான், அந்த ஒரு செய்திக்காக. தத்தன் எல்லை கடத்திவிட்டுத் திரும்பி வந்து, கொண்டுபோய் விட்டுவிட்டேன் என்று சொல்கிறான். கேட்டபிறகுதான் அரசன் கண் மூடுகிறான். கத்தி இறங்கியதிலிருந்து அதுவரை எத்தனை பாட்டு என்று எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் நாயகன் குண்டடிபட்டதிலிருந்து படம் முடியும் வரை எத்தனை பக்கம் என்பதையும்.